தெரியாமல் குடித்த சூப்

தெரிந்த ஒன்றை என்னிடம் மறைத்தவரை நம்பி, பேசுவது காதில் ஏறாத ஒரு நாட்டுக்குக் சின்னப் பிள்ளையோடு போய் வாழலாமா? என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை. என் கணவர் அயர்லாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். நானும் மகளும் அங்கேயே குடியேறுவதற்கான வீசா விண்ணப்பம் இங்கே எங்களூர் சாய்ந்தமருதில் என் அலுமாரிக்குள் கிடக்கிறது. இந்த மாத முடிவுக்குள் நான் கையெழுத்திட வேண்டும்.

போன வருடம் ஒரு மாத விடுமுறையில் அவரிடம் போயிருந்தோம். மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். ஒரு காரை வாடகைக்கு எடுத்து மேற்குக் கரைப் பக்கமாக ஐந்து நாள் சுற்றுவோம், வழியிலுள்ள விருந்தினர் வீடுகளில் தங்குவோம் என்றார். எனக்கு முழு விருப்பமில்லை. பிள்ளை விமானம் ஏறியதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அவர் எத்தனை மாதமாக இதை எதிர்பார்த்திருந்தாரோ என்று நினைத்து ஓம் என்றேன்.

நாடு அழகுதான். எங்களூர்ப் பக்கத்து நற்பிட்டிமுனை வயல்களில் வரம்பு இருக்குமிடத்தில் அங்கே கல்மதில்கள். செம்மறிகளின் முதுகில் நீலச் சாயம். பாதையின் நடுவில் புல் முளைத்திருக்கும், எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். இரண்டாம் நாள் மகளுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது, உடம்பும் சுட்டது. அதனால் அன்று இறங்கிய வீட்டிலேயே மூன்று நாள் தங்கிவிட்டோம்.

அந்த வீட்டுக்காரப் பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். நல்ல மனுசி. அதையும் சொல்லத்தான் வேண்டும். கணவர் காரிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்கு சூப் வைக்கிறேன் என்று சொல்லி என்னிடம் ஏதோ கேட்டார். நான் பல்கலைக்கழகம் படித்தவள், ஆங்கிலத்தை எழுத்தில் பார்த்தால் தடையில்லாமல் வாசிப்பேன். அவர்கள் வாயிலிருந்து வரும்போதுதான் பாதி தொலைந்துவிடும். “கோழி உங்களுக்குப் பிரச்சினை இல்லைதானே” என்று அவர் கேட்டிருக்கிறார். என் காதில் கோழியும் இல்லையும் மட்டும் விழுந்தன. கோழி வேண்டாம்தானே என்று கேட்கிறார் என எண்ணினேன். எங்களூரில் அதற்கு “ஓம், வேணாம்” என்போம். நான் ஆங்கிலத்தில் அந்த ஓமை மட்டும் சொன்னேன். அந்த மொழியில் அப்படிப்பட்ட ஓமுக்கு நேரெதிர் அர்த்தம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இந்தப் பிழை என்னுடையது. அதை நான் யார் தலையிலும் போடவில்லை.

மகள் அந்த சூப்பை வாய் எடுக்காமல் குடித்தாள். கரட்டும் உருளைக்கிழங்கும் மசித்திருந்ததால் மரக்கறி சூப் என்று நம்பி நானும் குடித்தேன். மூன்று நாளும் அதுதான். கணவர் மட்டும் வயிறு சரியில்லை என்று பாணும் பட்டரும் சாப்பிட்டார். நான் அவருக்கு இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் பொங்குகிறது.

புறப்பட்ட காலையில் அந்த அம்மா, பிள்ளைக்குப் பிடித்துவிட்டதே என்று செய்முறையை ஒரு தாளில் எழுதித் தந்தார். காரில் போகும்போது விரித்து வாசித்தேன். முதல் வரியே, ஒரு முழுக்கோழியை எலும்போடு இரண்டு மணித்தியாலம் அவிக்கவும் என்றிருந்தது. அந்தக் குக்கிராமத்தில் ஹலாலான கோழி எங்கிருந்து வரும்?

முன்னால் செம்மறிகள் பாதையை மறித்து நின்றதால் கார் நின்றிருந்தது. தாளை அவர் முன்னால் நீட்டினேன்.

“இது உங்களுக்குத் தெரியுமா மச்சான்?”

முதல் நாளே தெரியுமாம். பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனபோது எலும்பைக் கண்டாராம்.

“புள்ள ஒழுங்காத் திண்டு எத்தின நாள்? சொன்னா நீ நிப்பாட்டியிருப்பாய். தெரியாமத் திண்டா குத்தமில்லதானே. சொல்லியிருந்தாத்தான் குத்தம்.”

“அப்ப நீங்க ஏன் குடிக்கல்ல?”

“எனக்குத் தெரியும்தானே.”

இவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தனக்குத் தெரிந்ததை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார், எங்களுக்கு மட்டும் தெரியாமல் வைத்துக்கொண்டார். என் வாய்க்குள் எது போகிறது, என் பிள்ளையின் வாய்க்குள் எது போகிறது என்று முடிவெடுக்கும் உரிமையை யார் அவருக்குக் கொடுத்தது? சொல்லியிருந்தால், பிள்ளைக்குச் சுகமில்லையே என்று ஒருவேளை நானே கொடுத்திருப்பேன். கொடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. எதுவானாலும் அது தாயாக நான் எடுத்த முடிவாக இருந்திருக்கும். மிச்சப் பயணம் முழுக்க நான் வாழைப்பழம்தான் சாப்பிட்டேன். அவர் வழியில் தெரிந்த மலைகளைக் காட்டிக்கொண்டே வந்தார்.

ஊருக்கு வந்து தங்கச்சியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். “கோழி செத்து ஒரு வருசமாகப் போகுது ராத்தா, நீங்க இன்னும் அத அறுத்துக்கிட்டு இருக்கீங்க” என்று இப்போதும் நக்கலடிக்கிறாள். மார்க்கம் படித்த ஒருவரிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். அறியாமல் உண்டதற்குப் பாவமில்லை என்றார். சூப்பைப் பற்றிய மனக்கவலை அதோடு தீர்ந்துவிட்டது.

தீராதது வேறு. அங்கே போனால் வைத்தியர் சொல்வதையும் பள்ளிக்கூடத்தார் சொல்வதையும் பக்கத்து வீட்டார் சொல்வதையும் முதலில் அவர்தான் கேட்டு எனக்குச் சொல்வார். பிள்ளைக்கு ஒரு நோய் என்றாலும், எனக்கு எது நல்லதென்று அவர் நினைக்கிறாரோ அவ்வளவுதான் என்னிடம் வந்து சேரும். இதைச் சொன்னால் தொலைபேசியில் சிரித்து, “அந்தக் கதைய உடு புள்ள” என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. மகளின் குரல் கேட்காமல் ஒரு நாளும் அவர் தூங்குவதில்லை. வாப்பாவையும் பிள்ளையையும் பிரித்து வைக்கிறேனோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

வெளிநாட்டில் கணவரின் வாய்ச்சொல்லை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள் இதை வாசிப்பீர்களென்றால் உங்களிடம் கேட்கிறேன். முதலில் இங்கேயே இருந்து அந்தப் பேச்சு காதில் ஏறும்வரை படித்துவிட்டுப் போவதா, போய்ப் படித்துக்கொள்வதா? இனி எதையும் மறைக்க மாட்டேன் என்று அவர் வாயால் சொல்லும்வரை கையெழுத்தைப் பிடித்து வைப்பது நியாயமா, இல்லை பிடிவாதமா? நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.