தொண்ணூறு வீதத்தைத் தேடி மாவடிப்பள்ளிக்கு

“தொண்ணூறு வீதம் முடிந்தது.” றிஸ்வானின் வாராந்த அறிக்கையில் நாலு கிழமையாக இதே முதல் வரி. தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஐந்தாவது தடவையும் அதைப் பார்த்துவிட்டு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். மாவடிப்பள்ளி விவசாயிகளுக்கு நெல் அறுக்கும் வெட்டு மெஷின் பதிவுசெய்யும் செயலி அது. செய்பவர் றிஸ்வான், திட்ட முகாமையாளர் நான். சனிக்கிழமை வெள்ளாமை வெட்டு, அதாவது நெல் அறுவடை தொடங்குகிறது. றிஸ்வானை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை மேலதிகாரி என் பைக்குள் வைத்து அனுப்பியிருந்தார்.

காலை 6.30 பஸ், கல்முனைக்கு 180 ரூபாய், ஒன்றேகால் மணித்தியாலம். அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு ஓட்டோக்காரர் 1,200 கேட்டார். நான் ஆயிரம் என்றதும் அவர் உடனே சம்மதித்தது சந்தேகமாகத்தான் இருந்தது.

விவசாயிகள் சங்கத்துக்கு என்றதும் அவர் கேட்டார்: “மெஷின் விசயமா மகள்? அத வட்டவிதானைட்டத்தானே கேக்கணும்.”

வட்டவிதானை என்றால் வாய்க்கால் தண்ணியையும் வயல் ஒழுங்கையும் பார்ப்பவர். ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு அடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

சங்கக் கட்டடத்தில் றிஸ்வான் இல்லை. வயலுக்குப் போயிட்டாராம். கம்ப்யூட்டர்காரருக்கு வயலில் என்ன வேலை? கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வரம்பில் நடந்தேன்.

மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி என் வயதுக்காரர் ஒருவர் றிஸ்வானோடு கதைத்துக்கொண்டு நின்றார். அவர்தான் வட்டவிதானை.

“முதல் பதிஞ்சவருக்கு முதல் மெஷின் எண்டா, உள்வயலுக்கு எதால போறது? வெட்டாத முன்வயல் நெல்லு மேலயா?” என்று என்னைக் கேட்டார்.

“இத ரெண்டாம் கிழமையே எழுதினன் மிஸ்,” என்றார் றிஸ்வான். “அறிக்கையில ரெண்டாம் பக்கம்.”

வரம்பிலேயே போனைத் திறந்தேன். இருந்தது. “பதிவு வரிசை சரிவராது. வயல் ஒழுங்குப்படி மாற்ற அனுமதி தேவை.” அடுத்த அறிக்கைகளிலும் அதுவே. ஒருநாளும் முதல் வரியைத் தாண்டி நான் வாசிக்கவில்லை. அந்தப் பதிவு வரிசையும், இந்த வயலைப் பார்க்காமல் மட்டக்களப்பில் இருந்து நான் எழுதியதுதான். வெட்கமாக இருந்தது.

“இப்ப நான் ஓம் எண்டா?” என்று கேட்டேன்.

“செஞ்சிதான் வெச்சிருக்கன். வெள்ளிக்குள்ள போடலாம், இன்ஷா அல்லாஹ்.”

அதையும் நம்பாமல் திறந்து காட்டச் சொன்னேன். செயலி ஓடியது. ஓம் என்றேன்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு: விடியற்காலை பஸ்ஸில் இருக்கை கிடைக்கும். வீதக்கணக்கை நம்பாதீர்கள், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திட்டம் எழுத முதல் வயலுக்குப் போங்கள். ஓட்டோக்காரர் சொன்னால் கேளுங்கள்.

திரும்பி வரும்போது மேலதிகாரி போன் எடுத்தார். “கடிதம் குடுத்தாச்சா?”

“இல்ல சேர்,” என்றேன். “அதுல என்ட பேரத்தான் போட்டிருக்கணும்.”