சக்கரத்துக்குப் பயந்த ஃபளீல் நானா

பல்லேபொலையில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் நின்றிருந்தேன். பெண்ணின் தங்கைமார் காரின் முகப்பில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அலுவிகாரையிலிருந்து ஷிஃபா அழைத்தாள். அவள் ஃபளீல் நானாவின் மூத்த மகள். "அங்கிள், வாப்பா மவுத்தாகிட்டாங்க. சுபஹுத் தொழுகைக்குப் பொறகு. லுஹர் தொழுகையோட அடக்கம்," என்றாள். அவள் அழவில்லை. பின்னால் யாரோ ஓதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குத் துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அதை மறைக்க விரும்பவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வெள்ளைச் சீருடையோடு பின் சக்கரத்தின் அருகே முழந்தாளிட்டு நட்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மற்ற மூன்றையும் பார்த்தேன். "ஏங்க, ஏதும் பிரச்சினையா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். "ஒண்ணுமில்லங்க," என்றேன். இனி இந்தச் சக்கரங்களை யார் பார்ப்பார்கள் என்ற ஒரே நினைப்புத்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பெண்ணை மாத்தளையில் மண்டபத்தில் இறக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது மையவாடியில் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வழியில் கொஞ்சம் விரட்டியிருந்தால் கடைசியாக ஒரு தரம் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவர் பூட்டிய சக்கரத்தில், அவர் சொன்ன வேகத்துக்கு மேலே போக எனக்குக் கால் வரவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஓட்டுவது ஓய்வுபெற்ற ஒரு டாக்டரின் பழைய திறந்த கார். கல்யாணங்களுக்குப் போகும். அதற்குச் சைக்கிள் சக்கரம் மாதிரி மெல்லிய கம்பிகளால் பின்னிய சக்கரங்கள். சாதாரணக் காரில் ஒரு சக்கரத்துக்கு நாலு நட் இருக்கும். ஒன்று கழன்றாலும் மூன்று தாங்கும். இதில் நடுவே பெரிதாக ஒரே ஒரு நட்டுத்தான். அதற்கு இரண்டு காதுகள். காதில் செப்புச் சுத்தியலால் அடித்து இறுக்கவேண்டும். அது போனால் சக்கரமே போய்விடும். இந்த மாதிரிச் சக்கரங்களைக் கட்டவும் டயர் ஏற்றவும் மாத்தளைப் பக்கம் எல்லோரும் ஃபளீல் நானாவைத்தான் தேடிப் போவோம்.

அவர் பயந்த மனிதர். டவுனில் 'பயந்தாங்கொள்ளி நானா' என்றே சிலர் சொல்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சக்கரத்தைக் கம்பி கம்பியாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக. கேட்கும்போது வீட்டுக்குள்ளே டிவியைக்கூட நிறுத்தச் சொல்வார். டயர் ஏற்றுமுன் வளையத்தின் உட்புறம் முழுவதும் பெருவிரலை ஓட்டுவார். கம்பி முனை ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் ட்யூப்பைக் குத்திவிடும். விரலில் இரத்தம் கசிய, "ட்யூபுக்குத் தெரிய முந்தி என்ட வெரலுக்குத் தெரியணும்," என்பார்.

ஒருமுறை என் முதலாளி, காரின் காலத்து டயர்கள் நாலை எங்கோ ஒரு தோட்டத்து பங்களாவின் ஸ்டோரிலிருந்து எடுத்து வந்தார். டயர்ப் பூவின் வரிகள் தேயவேயில்லை. கறுகறுவென்று அழகாக இருந்தன. ஃபளீல் நானா ஒன்றைத் தூக்கி, பக்கச் சுவரைப் பெருவிரல்களால் மடக்கிக் காட்டினார். ரப்பர் முழுவதும் நூல் நூலாக வெடிப்பு திறந்தது. "இத பாக்க ஏலும் டொக்டர். ஓட ஏலாது," என்றார். "ஓட வேணாம், போட்டோவுக்கு மட்டும் போடுங்க," என்றார் முதலாளி. நானா தலையை ஆட்டினார். "நிக்கிற காரை ஒரு நாளைக்கு யாராவது ஓட்டத்தான் செய்வாங்க." முதலாளி கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்று வாசலில் நின்ற நானாவின் முகம் வெளுத்திருந்தது. முதலாளி கோபித்துக்கொண்டதற்காக என்று முதலில் நினைத்தேன். அவர் அந்த டயர்களையே பார்த்துக்கொண்டு, "வேற எங்கயும் குடுத்துப் போடுவாரோ?" என்று கேட்டார்.

இளமையில் ஏதோ பெரிய விபத்தைக் கண்டிருப்பார் என்று எல்லோரும் சொல்வோம். ஒருநாள் கேட்டேவிட்டேன். பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஒண்டும் நடக்கல்ல தம்பி. நடக்கலாம் எண்டு தெரியும். அது போதாதா?"

இனி நான் சொல்லப்போவது நாலு வருடத்துக்கு முன் நாவுலயில் நடந்தது. உங்களில் சிலர் அன்று அந்தக் கல்யாணத்தில் இருந்தீர்கள். நீங்கள் பார்த்தது பாதிதான்.

முதல் நாள் பின் சக்கரங்களின் ஹப், அதாவது நட் ஏறுகிற நடு உருளை, இரண்டையும் கழற்றி கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டிக் கொடுத்திருந்தார் நானா. காலையில் மாத்தளையிலிருந்து மணப்பெண்ணையும் அவளுடைய அப்பாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். நாலந்தாவை நெருங்கும் இறக்கத்தில் வலப்பக்கப் பின் சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், டக்.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பக்கத்தில் பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு வேன் நிறையச் சனம். நடுத்தெருவில் காரை நிறுத்தி, இத்தனை பேர் பார்க்க, ஒன்றுமில்லாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் பெண் உட்கார்ந்திருந்தாள். மண்டபம் வரைக்கும் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். வழியில் ஒரு பஸ் எங்களை முந்தியபோது எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

எல்லோரும் உள்ளே போனபிறகு டிக்கியிலிருந்து சுத்தியலை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, வழக்கமாக இறுக்குகிற பக்கமாக அந்தச் சக்கரத்தின் நட்டை இரண்டு தரம் அடித்தேன். சுலபமாகத் திரும்பியது. இறுகிவிட்டது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் திரும்பிப் போக வந்து ஏறினார்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். அந்த நேரம் ஒரு த்ரீவீலர் புழுதியோடு வந்து நின்றது. ஃபளீல் நானா சாரத்தோடும் தொப்பியில்லாமலும் இறங்கி ஓடிவந்து காரின் முன்னால் நின்று, இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டார்.

"சிவா தம்பி, எஞ்சின நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன்.

"என்னங்க நானா இது, கல்யாணக் கார மறிக்கிறீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"பொண்ணையும் மாப்பிள்ளையையும் மொதல்ல எறக்குங்க. பொறகு சொல்றன்."

அவர்கள் இறங்கியபின் வலப்பக்கப் பின் சக்கரத்தின் அருகே குந்தி, நட்டின் காதை இரண்டு விரலால் தொட்டார். அது சுழன்றது. சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ" என்று மெல்லச் சொன்னாள்.

நானா எழுந்து எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இது என்ட பிழை. வலப்பக்க நட் ஒரு பக்கமா இறுகும், இடப்பக்க நட் மத்தப் பக்கமா இறுகும். நான் ரெண்டு ஹப்பயும் பக்கம் மாத்திப் பூட்டிட்டன். இப்ப ஓட ஓடக் கழலும். இந்தக் கார் இங்கருந்து அசையக் கூடாது. என்ன மன்னிச்சுக்கோங்க."

எந்தப் பக்கம் இறுக்குவது என்று காட்ட நட்டிலிருந்த அம்புக்குறி எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. நான் அடித்த இரண்டு அடியும் அதை இறுக்கவில்லை, மேலும் கழற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

காலையில் ஓதிக்கொண்டிருக்கும்போதுதான், வலப்பக்கச் சக்கரத்தில் சுத்தியல் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் விழுந்தது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. என் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். அது சத்தமில்லாமல் டாஷ்போர்ட்டுக்குள் கிடந்தது. த்ரீவீலர் பிடித்து நாவுலயில் மண்டபம் மண்டபமாகத் தேடியிருக்கிறார். இதெல்லாம் ஷிஃபா பிறகு சொன்னது.

மணமக்கள் வேனில் போனார்கள். கார் மறுநாள் லொறியில் வந்தது. அந்த வாரமே டவுன் முழுக்கக் கதை பரவியது. ஃபளீல் நானா சக்கரத்தை மாற்றிப் பூட்டி ஒரு கல்யாணப் பெண்ணைக் கொல்லப் பார்த்தார் என்று டீக்கடையில் பேசினார்கள். பழைய கார் வைத்திருந்தவர்கள் பலர் சக்கரங்களைக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய கொட்டகையில் வேலையில்லாத நாட்களை நான் பார்த்தேன். டீக்கடையில் அந்தக் கதை வரும்போதெல்லாம் நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை செய்தவர் அவர்தான்; அதில் மாற்றமில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டும் நிறுத்தாதவன் ஒருவன் இருந்தான். அவனை யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். நன்றாக மெலிந்திருந்தார். ஷிஃபா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சொல்லிவிட்டேன். நாலந்தா இறக்கத்தில் கேட்டது, மறைவாக இரண்டு தரம் அடித்தது, எல்லாவற்றையும்.

கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியும்," என்றார்.

"எப்படி நானா?"

"எஞ்சின நிப்பாட்டுங்க எண்டு சொன்னன். ஏன் எண்டு நீங்க கேக்கல்ல."

"அப்ப ஏன் அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"ஹப்ப மாத்தினது நான். நீங்க பயந்தீங்க, அவ்வளவுதான். எனக்குத் தெரியாத பயமா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா தம்பி, மனுசருக்குப் பயப்படாதீங்க. சக்கரத்துக்குப் பயப்படுங்க."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. மாத்தளையில் அவரைப் பற்றி இனி யாராவது அந்தக் கதையைச் சொன்னால், மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் பெயரையும் சொல்லுங்கள்.

அடக்கம் முடிந்து எட்டாவது நாள், ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகையில், முன் சக்கரத்திலிருந்து ஏதோ சின்னதாகக் கேட்டது. பின்னால் ஊர்வலமாக வாகனங்கள் வந்துகொண்டிருந்தன. ஓரமாக நிறுத்தி, எல்லோரையும் இறங்கச் சொன்னேன். ஹார்ன் அடித்தார்கள். மண்ணில் மண்டியிட்டு நட், கம்பி, டயர் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். டயரின் பூவுக்குள் ஒரு பொடிக்கல் மாட்டியிருந்தது.

"இதுக்குத்தானா நிப்பாட்டுனீங்க?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"ஆமாங்க," என்றேன்.

ஃபளீல் நானாவிடமிருந்து எனக்கு வந்தது இதுதான்: ஒன்றுமில்லாவிட்டாலும் நிறுத்தி, இறங்கி, எல்லோரும் பார்க்கக் குனிகிற பயம். அதை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.