அக்காவுக்குக் கேட்டது

அந்த மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் போதும், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆயில் பிரஷரை அளக்கும் கேஜ் ஒன்று பிரிக்காத டப்பாவோடு அலமாரியில் கிடந்தது. அதை வைத்துப் பார்க்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்பார். இந்தத் திமிரை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

ஒர்க்‌ஷாப்பின் பின்னறையில்தான் குடித்தனம். முதலில் அவருக்கு வலது காது போனது, பிறகு இடது காதும் மங்கியது. அது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எஞ்சின் சத்தத்திலேயே சமைத்து, தூங்கி, எழுந்தவள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பது அவள் வேலை. அவர் கையை நீட்டினால் மிதிப்பாள், மடக்கினால் விடுவாள். வண்டிக்காரர்கள் பேசுவது அவருக்கு விழாதபோது, தனக்காகக் கேட்டுக்கொள்வதுபோல் அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். இப்படிப் பூசி மெழுகியே காலம் ஓடியது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமாம். வண்டியை நம்பி விட்டுப்போகிறவன் பிழைப்பைவிடப் பெரிய மானம்!

அவளுடைய தம்பி சம்பள வேலையை உதறிவிட்டு ஒரு பழைய பிக்கப் வாங்கியிருந்தான். கட்டில், பீரோ ஏற்றி இறக்கும் பிழைப்பு. அந்த ஒரு வண்டியை நம்பித்தான் அவன் குடும்பம். ஒருநாள் லோடு இறக்கிவிட்டு நேராக இங்கே வந்தான். எஞ்சின் சூடானதும், வண்டி நிற்கும்போது டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது என்றான்.

காதுக்காரர் ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் சரியான அளவில்தான் இருந்தது. அப்படியென்றால், முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பேரிங் தேய்ந்து, பிரஷர் நிஜமாகவே விழுந்திருக்க வேண்டும். பேரிங் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் தட்டுகிற சத்தம் வரும்.

அக்கா சீட்டில் ஏறினாள். கை நீண்டது, மிதித்தாள். கை மடங்கியது, விட்டாள். விட்ட அந்த நொடியில் அவளுக்குக் கேட்டது. யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல், டொக் டொக் டொக். காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு, சத்தமே இல்லை, சென்சார்தான் என்றார்.

தம்பிக்கு எல்லா எஞ்சின் சத்தமும் ஒன்றுதான். ஆனாலும் தயங்கினான். "கேஜ் வச்சு ஒருதடவை பாத்துரலாமா மாமா?"

மாமாவுக்கு அது விழவில்லை. வழக்கம்போல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். தன் தம்பி முன்னால் தன் புருஷன் தலைகுனிவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அதான் அவரே சொல்லிட்டாரேப்பா," என்றாள்.

சென்சார் வாங்கிவந்து மாட்டுவதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. ஆறிய எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும், முள் தானாகவே ஏறும். ஏறியது. தம்பி சந்தோஷமாகக் கிளம்பினான். சூடேறி முள் மறுபடி விழுந்தபோதும், புது சென்சாரும் சரியில்லை போல என்று ஓட்டினான். அடுத்த வாரமே, லோடோடு மேட்டில் ஏறும்போது, தேய்ந்த பேரிங் உடைந்து, கனெக்டிங் ராடு எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. வண்டி பழைய இரும்புக்குப் போனது. அவன் பழைய முதலாளியிடமே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவன் வந்து சண்டை போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. மாமா இல்லாத நேரம் பார்த்து வந்து அக்காவிடம் மெதுவாகத்தான் கேட்டான்.

"மாமாவுக்குக் காது கேக்கலைன்னு இப்பத்தான் புரியுது. நீ சீட்லதானே இருந்தே. உனக்குமா கேக்கல அக்கா?"

"கேக்கலப்பா," என்றாள்.

அவன் நம்பிவிட்டான். அதுதான் கொடுமை. இத்தனை வருஷம் இந்த இரைச்சலில் கிடந்தால் யாருக்குத்தான் காது மிஞ்சும் என்று அவனே அவளைத் தேற்றிவிட்டுப் போனான். அதிலிருந்து நேரில் வந்தாலும் போன் செய்தாலும் அக்காவிடம் கத்தித்தான் பேசுகிறான். தெரு முழுக்கக் கேட்கிறது. அவளும் காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுப்பா," என்கிறாள்.