வலை கட்டிய கோழிக்கொட்டகை

இன்று காலை வியாசர்பாடியில் கம்பிவலை பின்னுகிற ஒருவருடைய கடை வாசலில் நின்றுவிட்டேன். இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு அவர் கோழிக்கு வீடு செய்துகொண்டிருந்தார். வீடு என்றா சொன்னேன்? கம்பிப் பெட்டி. ஒரு கோழிக்கு ஓர் அறை. திரும்பி நிற்க இடம் கிடையாது. தரை சாய்வு, இட்ட முட்டை தானே உருண்டு முன்னால் வந்துவிடும்.

“இன்னா மேஸ்திரி, எலிப்பொறியா?”

“கோயிக்கும்மா. சீமைல இப்போ இப்டித்தானாம்.”

“சீமைக் கோயிக்கு றெக்க கெடையாதா?” என்று கேட்டுவிட்டு நடந்தேன். அவரோடு சண்டை போட்டு என்ன பயன், படம் அவர் வரைந்ததல்ல. ஆனால் கடற்காற்றில் நனைந்து காய்ந்த பழைய மீன்வலையின் நெடி வழியெல்லாம் என் மூக்கில் ஏறிக்கொண்டே வந்தது. கம்பிவலையைப் பார்த்தால் எனக்கு அந்த நெடிதான் நினைவுக்கு வரும்.

காலடிப்பேட்டைக்குக் கிழக்கே கடலோரத்தில் ஆரோக்கியம் அக்கா முட்டைக்கோழி வளர்த்தாள். அப்போது யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தேதி போடாமல் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். டைரிப் பழக்கம் பிற்பாடு வந்ததால் இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் மன்னிப்பீர்கள். நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அக்காவிடம் நாங்கள் நாலு பெண்கள் வேலை பார்த்தோம். நாலு பேருமே மீன் கூடை சுமந்த குடும்பம். கோழிகள் பகலெல்லாம் மணலில் மேயும், ராத்திரி பஞ்சாரக் கூடையில் அடையும். மணலில் மேய்ந்தால் என்ன கிடைக்கும்? காயப்போட்ட கவலை மீன், கழுவி எறிந்த குடல். துறைமுகத்துக் கப்பல்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட்டு ஒருவர் எங்கள் முட்டையைக் கொண்டுபோய், மறுநாளே கூடையோடு திருப்பி அனுப்பினார். ஆம்லெட்டில் மீன் வாடை அடிக்கிறதாம். அடைத்து வளர்த்தால் பார்க்கலாம் என்றார்.

அக்கா காதுக் கம்மலை விற்றுக் கொட்டகை போட்டாள். கப்பல் ஆர்டர் கிடைத்தால் கொட்டகை நிற்கும். கிடைக்காவிட்டால் நாங்கள் ஐந்து பேரும் மறுபடி மீன் கூடை தூக்க வேண்டியதுதான். தென்னங்கீற்றுக் கூரை, தரையில் உமி, கோழிகள் ஏறி உறங்க உடைந்த துடுப்புகள். முட்டையிட மண்ணெண்ணெய்ப் பெட்டிகளைப் படுக்க வைத்து, இருட்டுக்காகக் கோணித் திரை கட்டினோம். கோழிக்கு முட்டையிடும் நேரத்தில் வெளிச்சம் ஆகாது. பெட்டிகளை நூல் பிடித்தாற்போல் வரிசையாக அடுக்கியது நான். அத்தனை கோழிகளும் ஓரத்துப் பெட்டி ஒன்றுக்கே முட்டி மோதிக்கொண்டு நின்றன. மற்றவை காலி. என் வரிசையை மதித்தது ஒரு பாம்பு மட்டும்தான். அதுதான் நடுப் பெட்டியில் சுருண்டு படுத்தது.

காற்று வர வேண்டிய நாலு பக்கமும் கம்பிவலை அடிக்க வசதியில்லை. எங்கள் ஜனத்திடம் இல்லாதது காசு, இருப்பது வலை. கிழிந்த வலைகளை வாங்கி மடித்துக் கட்டினோம். அதற்குப் பிறகு பெருச்சாளிகூட உள்ளே வரவில்லை. பார்க்கவும் அழகாக இருந்தது.

ஏஜென்ட்டு வந்தார். கையோடு கொண்டுவந்த சட்டியில் ஒரு முட்டையைப் பொரிக்கச் சொன்னார். ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்.

“அதே வாடை.”

நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு விள்ளல் தின்று பார்த்தோம். எந்த வாடையும் இல்லை.

“பொய் சொல்றான்டி கம்னாட்டி” என்றாள் எங்கள் நாலு பேரில் ஒருத்தியான மரியம்மா, அவர் தெருமுனை தாண்டிய பிறகு.

அந்த வாரம் கோயில் நந்தவனத்துக்குக் கோழி எரு வாங்க வழக்கம்போல ஒரு தோட்டக்காரர் வந்தார். சுத்த சைவம். எருவை இரண்டு கையாலும் அள்ளுகிறவர், மூக்கை மட்டும் துண்டால் கட்டியிருந்தார்.

“எரு அவ்ளோ நாறுதாய்யா?” என்றாள் அக்கா.

“எரு தேவலாம்மா. இந்த வலைதான் கொமட்டிக்கினு வருது. எப்டித்தான் இதுக்குள்ள நிக்கிறீங்களோ!”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறந்ததிலிருந்து சுவாசிக்கிற வாடை எங்கள் மூக்குக்கு எப்படித் தெரியும்? கிட்டப் போய்ப் பார்த்தபோது கோழிகள் வலைக் கண்ணில் ஒட்டிய செதிலையும் காய்ந்த நெத்திலியையும் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. மீனிலிருந்து பிரிக்கக் கொட்டகை கட்டி, சுவரையே மீனால் கட்டியிருக்கிறோம்! அக்கா உமியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்று சாயங்காலமே வலைகளை அறுத்து, மூங்கில் பிளாச்சு அடித்தோம். உமியையும் மாற்றினோம்.

மறுபடி ஏஜென்ட்டு வந்தபோது ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, “முட்டை சரியா கீது. எடுத்துக்கிறேன். ஆனா ஒண்ணு” என்று எங்களைப் பார்த்தார். “இவுங்க வாணாம். கருவாட்டுக் கையி. வேற ஜனமா பாத்து வெச்சிக்க. தொரைங்க துன்ற சாமான் பாரு.”

நான் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவது அவர் சொன்னதற்கல்ல, அப்படி மறைத்ததற்குத்தான். மரியம்மா மறைக்கவில்லை, இரண்டு கையையும் அவர் மூஞ்சிக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

அக்கா ஆர்டருக்காக எவ்வளவு காத்திருந்தாள் என்று அவளுடைய வெறும் காதைப் பார்த்தாலே தெரியும். அவள் யோசிக்கவே இல்லை.

“முட்டை நாறுதுன்னு சொன்ன, வலைய கயிட்டிப் போட்டேன். இவுளுங்கள கயிட்டிப் போட இவுளுங்க இன்னா வலையா?”

“யோசிச்சி சொல்லும்மா...”

“துன்ன முட்டைக்குக் காசு வாணாம் நைனா. சட்டிய எடுத்துக்கினு கெளம்பு.”

ஆர்டர் போயிற்று. முட்டையை அவித்து, உப்பும் மிளகும் தூவி, ஆலை வாசல்களில் மத்தியானச் சங்கு ஊதும்போது விற்றோம். கருவாட்டுக் கையால்தான் உரித்துக் கொடுத்தோம். வாங்கினவர்கள் யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. சீக்கிரம் உரி என்றுதான் அதட்டினார்கள். கொட்டகை நின்றது. காதில் மறுபடி கம்மல் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துறைமுகத்துக் கல்சுவர் நீண்டதிலிருந்து எங்கள் பக்கத்துக் கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கியிருந்தது. ஒரு ஐப்பசியில் அலை கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டது. கோழிகளை மீன் கூடைகளில் போட்டுக் காலடிப்பேட்டைக்குச் சுமந்தோம். கடைசிக் கூடை போனதும் அக்கா காலிக் கொட்டகையின் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“காலி கொட்டாய்க்கு இன்னாத்துக்குக்கா பூட்டு?” என்றேன்.

“கடலு ஒடச்சி எடுத்துக்கினு போவட்டும். நானா தொறந்து வுட மாட்டேன்.”

இப்போது அங்கே கொட்டகை நின்ற மணல்கூட இல்லை. கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், அதற்கு அப்பால் தண்ணீர்.