பொறுத்திருக்கச் சொன்ன யோகராணி அக்கா

யோகராணி அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய உறவினர் அல்லர். வங்கியில் அவரோடு வேலை செய்தவரும் அல்லர். கொட்டாஞ்சேனையில் மிளகாயும் மாவும் அரைக்கும் மில் வைத்திருக்கும் செபஸ்தியான் அண்ணர். தெஹிவளையில் ஒரு வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகளுக்குச் சட்டம் பூட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது.

"மிஸ் போயிட்டாங்க தம்பி. காலையில, ஆஸ்பத்திரியில. நான் மில்ல மூடிட்டு வாறன். நீங்களும் வாங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. வேலை நாளில், நல்ல வெயில் அடிக்கும் நேரத்தில் அவர் மில்லை மூடுகிறார் என்பதிலேயே எல்லாம் இருந்தது. நான் கையிலிருந்த திருகாணியைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கூரையிலிருந்து இறங்கினேன்.

அக்காவை அறிந்த பலர் இதை வாசிப்பீர்கள். வெள்ளவத்தை வங்கிக் கிளையில் அவருடைய மேசைக்கு முன்னால் கடன் விண்ணப்பத்தோடு உட்கார்ந்து கை வேர்த்தவர்களும் உங்களில் இருப்பார்கள். கடன் கேட்டால் இல்லை என்பவர் என்பதால் 'இல்லை மிஸ்' என்று அவரைப் பகிடியாகச் சொல்வோம். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவர்களில் நானும் ஒருவன். நான் சூரிய மின்தகடு விற்பவன். என் வாடிக்கையாளர் கடன் கேட்டுப் போனால் அவர்தான் முதலில் பார்ப்பார். ஆகவே எங்கள் உறவு பகையில்தான் தொடங்கியது.

முதல் நாள் ஒரு பல் வைத்தியருடைய விண்ணப்பத்தோடு போயிருந்தேன். மின்கட்டணம் வருடா வருடம் எப்படி ஏறும், தகடு பூட்டினால் எவ்வளவு மிச்சம் வரும் என்று வர்ணத்தில் வரைபடம் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக வைத்தார்.

"தம்பி, இதே சோலர் பனலைப் போன வருசம் என்ன விலைக்கு வித்தனீங்கள்?"

சொன்னேன்.

"அதுக்கு முதல் வருசம்?"

அதையும் சொன்னேன். அவர் விலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு அதன் கீழே பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருசம் என்ன விலைக்கு விப்பீங்கள்?"

"இன்னும் குறையும் மிஸ்" என்றேன்.

"அப்ப இந்த மனிசன் ஏன் இண்டைக்கு வாங்கவேணும்?"

நான் வரைபடத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன். என் சரக்கின் பெருமையே அதன் விலை குறைந்துகொண்டு வருவதுதான் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன் நான். அந்தப் பெருமையே எனக்கு எதிரான வாதம் என்பது அன்றுதான் புரிந்தது. வெளியே வந்து காலி வீதியில் நின்று அவரை மனதுக்குள் திட்டினேன்.

அதற்காக அவர் எல்லோரையும் தட்டிக் கழிப்பவர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கூரையையும் நேரில் பார்ப்பார். நண்பகலில் குடையோடு வந்து நிழல் எங்கே விழுகிறது என்று நின்று பார்ப்பார். வங்கியில் வேறு எவரும் அப்படிச் செய்ததை நான் கண்டதில்லை. ஒருமுறை வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு மாடி வீடு. கூரை அருமையான கூரை. நான் மகிழ்ச்சியோடு அளந்துகொண்டிருந்தேன். அக்கா கூரையைப் பார்க்காமல் பக்கத்து வெறுங்காணியைப் பார்த்தார். கீழே இறங்கிப்போய் அங்கிருந்த காவலாளியோடு சிங்களத்தில் கதைத்தார். திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"ஐயா, அதிலை ஒன்பது மாடி வரப்போகுதாம். வெயில் உங்கட வீட்டிலைதான் விழுகுது. ஆனா அது பக்கத்துக் காணிக்காரரின்ரை கையிலை இருக்கு."

இன்று அந்த வீட்டின்மேல் காலை பத்து மணிக்குப் பிறகுதான் வெயில் படுகிறது. அந்த விற்பனையும் என் கையை விட்டுப் போயிற்று.

"நீங்கள் உங்கட வீட்டுக்காவது ஒண்டு போடுங்கோவன் மிஸ்" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "நான் ஏழு மாடிக் கட்டடத்திலை மூண்டாம் மாடியிலை இருக்கிறன் தம்பி. எனக்குக் கூரையே இல்லை" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகுதான் 'மிஸ்' அக்காவானார்.

செபஸ்தியான் அண்ணரை அவரிடம் அழைத்துப்போனதும் நான்தான். துறைமுகப் பக்கத்தில் மூன்று அரைவை இயந்திரங்கள். எல்லாம் பகலில் ஓடுபவை. சூரிய மின்சாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான தொழில் இல்லை. அவரும் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் பார்த்தார், மில்லுக்கும் வந்தார், தும்மித் தும்மிக் கூரையையும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நல்ல இடம். ஆனா ரெண்டு வருசம் பொறுங்கோ. விலை இன்னும் நல்லாக் குறையும். அப்பக் கடனும் சின்னனா எடுக்கலாம்."

செபஸ்தியான் அண்ணர் படித்தவர்களின் பேச்சை மதிப்பவர். "மிஸ் சொன்னா சரி" என்றார். சேர்த்திருந்த பணத்தில் நான்காவதாக ஓர் இயந்திரம் வாங்கினார்.

பிறகு நாட்டில் அந்தப் பொருளாதார நெருக்கடி வந்தது. அதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. நாம் எல்லோரும் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள்தான். வெளிநாட்டில் தகடுகளின் டொலர் விலை குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நமது ரூபாய் விழுந்த வேகத்தில் அந்தக் குறைவு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கடன் வட்டி ஏறியது. இறக்குமதி நின்று என் கடையில் விற்பதற்குப் பொருள் இல்லை. பிறகு மின்கட்டணம் ஏறியது, ஒரு தடவையல்ல. செபஸ்தியான் அண்ணர் புதிய இயந்திரத்தை வந்த விலைக்கு விற்றார். இன்னும் இரண்டை நிறுத்தினார். பல வருடங்களாக அவரிடம் மா அரித்துக் கொடுத்த மேரி என்ற பெண்ணை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று.

இதைக் கேள்விப்பட்டதும் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நேரே வங்கிக்குப் போனேன். செபஸ்தியான் அண்ணருக்காகப் போனேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில், அக்கா தோற்பதைப் பார்க்கப் போனேன்.

"நீங்கள் பொறுக்கச் சொன்ன மில்காரர் மிசினை வித்துப்போட்டார், தெரியுமோ?" என்றேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கைப்பையோடு வந்தார்.

"வாங்கோ, போவம்."

இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மில்லில் ஒரே ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. செபஸ்தியான் அண்ணர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கதிரை போட்டார். அக்கா உட்காரவில்லை.

"செபஸ்தியான், நான் உங்களுக்குச் சொன்னது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் பதறிப்போனார். "என்ன மிஸ் இது. விலை குறையும்னுதானே சொன்னீங்க. எப்பவாவது குறையும். அதோட, கரண்ட் கட் நேரத்துல பனல் இருந்தாலும் வேல செய்யாதாமே, தம்பி சொன்னாரு."

அது உண்மைதான். மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றரி இல்லாத தகடுகள் வீதியில் மின்சாரம் நின்றால் தாமும் நின்றுவிடும்.

"கட் முடிஞ்சுபோச்சு. பில் முடியேல்லை" என்றார் அக்கா. "விலை குறையும் எண்டு பாத்தனான். அதுவரைக்கும் நீங்கள் என்னத்தைச் சாப்பிடுறது எண்டு பாக்கேல்லை."

"என் தொழில், என் முடிவு மிஸ். நடக்கப்போறது தெரிய நீங்க என்ன கடவுளா?"

"இல்லை. ஆனா கடவுள் மாதிரித்தான் உங்களோடை கதைச்சனான்."

செபஸ்தியான் அண்ணர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவை வெல்ல வந்த நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஒரு மிளகாய் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதோடு முடிந்திருந்தால் பெருந்தன்மையான ஒருவரின் கதை என்று சொல்லிவிடலாம். அக்கா அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கினார். தன் மாடிக் கட்டடத்திலும் அடுத்த கட்டடங்களிலும் இருந்த பெண்களிடம் கேட்டு, யாழ்ப்பாணத்துத் தூளுக்கு வறுத்த சரக்குகளையும் அரிசியையும் பைகளில் வாங்கிக்கொண்டு போவார். அரைத்து முடியும்வரை அங்கேயே இருந்து கொண்டுவந்து கொடுப்பார். 'யார் கறித்தூள் அரைக்க வேணும்' என்று அவர் அனுப்பிய செய்திகள் உங்கள் தொலைபேசிகளில் இன்னும் இருக்கலாம். அந்த வாடிக்கை பெரிதாகி, நிறுத்திய இயந்திரங்களில் ஒன்று மறுபடி ஓடியது.

"நல்ல உதவி செய்யிறீங்கள் அக்கா" என்று ஒருமுறை சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "உதவி செய்யப் போகேல்லைத் தம்பி. நான் போட்ட கணக்கிலை எது விடுபட்டதெண்டு பாக்கப் போறன்."

அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் இறக்குமதியாளர் ஒருவரின் புதிய விலைப்பட்டியல் என் கைக்கு வந்தது. இரண்டு முறை வாசித்தேன். ரூபாய் அவ்வளவு விழுந்த பிறகும், செபஸ்தியான் அண்ணருக்கு நான் முதன்முதல் எழுதிக் கொடுத்த விலையைவிட இது குறைவு. பட்டியலோடு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அப்போது அவருக்கு நோய் தொடங்கியிருந்தது. மெலிந்திருந்தார்.

"பாத்தீங்களோ அக்கா, கடைசியிலை நீங்கள் சொன்னதுதான் சரி."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பட்டியலைப் பார்த்தார். முகத்தில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

"விலையிலை சரி. ஆளிலை பிழை" என்றார். பிறகு, "இது அடுத்த வருசம் இன்னும் குறையுமோ?" என்று கேட்டார்.

"குறையலாம்."

"குறையட்டும். செபஸ்தியானை இப்ப வாங்கச் சொல்லுங்கோ."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"இப்ப மாசத் தவணை அவரின்ரை கரண்ட் பில்லைவிடக் குறைவு. அதுவே போதும். ஆகக் குறைஞ்ச விலைக்கு வாங்கவேணும் எண்டு காத்துக்கொண்டிருக்கிறவன் ஒருநாளும் வாங்கமாட்டான். மிச்ச லாபத்தைப் பின்னாலை வாறவை எடுக்கட்டும்."

என் தொழிலைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதலில் வாங்குபவர்கள் கூடிய விலை கொடுத்துத்தான் இது இவ்வளவு மலிந்தது என்பதையும் அவர்தான் அன்று சொன்னார். "அந்தப் பல் வைத்தியர் வேறை வங்கியிலை கடன் எடுத்து அப்பவே போட்டவரல்லோ. நான் அவரை மடையன் எண்டு நினைச்சனான். அவர் நட்டப்பட்டது எங்களுக்காகவும்தான்."

மில்லின் கூரையில் தகடு பூட்டி இணைப்புக் கொடுத்த நாளன்று அக்கா முச்சக்கர வண்டியில் வந்தார். ஏணியில் ஏற முடியாமல் கீழேயே கதிரையில் இருந்தார். இயந்திரங்கள் மூன்றும் ஓடின. செபஸ்தியான் அண்ணர் எல்லோருக்கும் குளிர்பானம் கொடுத்தார். அப்போது அக்கா, "மேரி வந்திட்டாவோ?" என்று கேட்டார்.

செபஸ்தியான் அண்ணரின் முகம் மாறியது. "கேட்டன் மிஸ். வரமாட்டாளாம். பேலியகொடையில மீன் கடையில நிக்கிறா. விடிய முந்திப் போறா, கை எல்லாம் வெடிச்சுக் கிடக்கு. ஆனா நான் திரும்ப வேலைய விட்டு நிப்பாட்டமாட்டன்னு என்ன நிச்சயம்னு கேட்டா. என்னால பதில் சொல்லமுடியல்ல."

அக்கா குளிர்பானத்தைக் கீழே வைத்தார். "சரியாத்தான் கேட்டிருக்கிறா" என்றார். எங்களுக்கு அது வெற்றியான நாள். அவருக்கு அது பாதி வெற்றியாகவே இருந்திருக்க வேண்டும்.

அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் கூட்டம் அதிகம் இல்லை. வங்கியில் வேலை செய்தவர்கள் சிலர், மாடிக் கட்டடத்துப் பெண்கள் சிலர். செபஸ்தியான் அண்ணர் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று வருபவர்களைக் கூப்பிட்டு இருத்தினார். யாரோ அவரை அக்காவின் தம்பியா என்று கேட்டார்கள். அவர் இல்லையென்று சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய கணக்குத் திறமை எனக்கு வராது. எந்தக் கூரைக்கு எப்போது என்று அவரைப்போல் பார்க்கவும் தெரியாது. ஆனால் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. விலையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, "நான் சொல்லுறது பிழைச்சால் எத்தனை மாசம் உங்களாலை தாங்கேலும்?" என்று கேட்கிறேன். அதைக் கேட்டதால் சில விற்பனைகள் போயிருக்கின்றன. சிலர் யோசித்துவிட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கல்கிசையில் வீட்டோடு தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவை, கூரையைத் திருத்தியபின் வாங்கலாம், ஆறு மாதம் பொறுங்கள் என்று போன மாதம் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற புதன்கிழமை அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போகிறேன். விற்பதற்கு அல்ல.