பீடிக்காரர் கேட்ட விலை

எழுபதுகளில் தருவைகுளம் கடற்கரையில் வியாபாரிகள் நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டுதான் மீன் ஏலத்துக்குப் போவோம். ஒருவர் விலை கேட்டால் மற்றவர் வாய் திறக்க மாட்டோம்; விலை ஏறாது. ஒரு நாள், கழுத்தில் மாதா படம் போட்ட உத்திரியமும் பல்லிடுக்கில் அணைந்த பீடியுமாக நின்ற வள்ளக்காரர் ஒருவர், யாருடைய மீனுக்கோ என்னோடு போட்டியாக விலையை ஏற்றிக்கொண்டே போனார். உச்சத்தில் சட்டென்று நிறுத்தினார். அந்த விலைக்கு மீன் என் தலையில் விழுந்தது.

“நான் விட்டிருந்தா என்னவே செய்திருப்பீரு?” என்றேன்.

“விடமாட்டிய அண்ணாச்சி. ஒங்க ஐஸ் லாரி மீனுக்குக் காத்து நிக்குல்லா? நேத்து எம் மீன அடிமாட்டு விலைக்கு எடுத்துட்டு, இதாம் சந்தை விலைன்னிய. இன்னைக்கும் சந்தை விலைதான்.”

பீடியைப் பற்றவைத்தார்.

இரண்டில் எது சரியான விலையென்று படித்தவர்களிடம் கேட்டிருக்கிறேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த மனிதர் அதன்பின் ஒவ்வொரு ஏலத்துக்கும் வந்து நின்றார். வாயே திறக்கவில்லை. விலை இறங்கவும் இல்லை.