அப்பா கேட்ட கடிதம்

என் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அப்பாவிடம் ஒன்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்கள் வேடர் என்று சொல்ல வேண்டாம் என்றேன். கிளிவெட்டிப் பக்கத்து வயல்காரர் என்று சொன்னால் போதும்; ஊரிலிருந்து அதிகம் பேரைக் கூட்டிவர வேண்டாம்; சடங்கைப் பற்றிக் கதைக்க வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். முற்றத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தவில்லை.

"ஓம் மகள். நீ சொன்னபடி செய்வம்" என்றார்.

அவ்வளவுதான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

எங்கள் ஊர் தோப்பூரையும் தாண்டி, உப்புநீர்க் களப்போரம். பஸ் போகிற வீதியிலிருந்து உள்ளே நெடுந்தூரம் நடக்க வேண்டும். இருபது இருபத்தைந்து குடும்பங்கள். தமிழ்தான் பேசுவோம். கோயிலுக்கும் போவோம். ஆனால் வருடத்தில் மூன்று நாள் காட்டுக்குள் ஒரு பெரிய பாலை மரத்தடியில் எங்கள் முன்னோர்களுக்குச் சடங்கு செய்வோம். அது வேறு யாரிடமும் இல்லாதது. வெளியில் எங்களை வேடர் என்பார்கள். நாங்களும் எங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். அப்பா அந்தச் சொல்லை ஒருநாளும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை.

சடங்கை நடத்துவது அப்பா. அவருக்கு முன்பு அவருடைய தகப்பன். மற்ற நாட்களில் களப்பில் மீன் பிடிப்பார், அறுவடைக் காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவார், தேன் எடுப்பார். சடங்குக்கு ஒரு மாதம் இருக்கையில் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீடு வீடாக நடக்கத் தொடங்குவார். ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துக் கதைக்காத இரண்டு பேர் சடங்குப் பந்தலுக்குள் நிற்கக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அதனால் ஊரில் யார் யாரோடு கோபம் என்பதெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி.

ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். தோணி ஒன்றால் பகைத்துக்கொண்ட அண்ணன் தம்பி. அண்ணன் வீட்டு முற்றத்து மண்ணில் போய் உட்கார்ந்தார். கதிரை கொண்டுவந்து போட்டார்கள், வேண்டாம் என்றார். தண்ணீர் கொடுத்தார்கள், தம்பி வந்து கொடுத்தால் குடிக்கிறேன் என்றார். காலையில் போய் உட்கார்ந்தவர் வெயில் தலைக்கு மேலே வந்தும் அசையவில்லை. எனக்குப் பசி. கடைசியில் அண்ணனின் மனைவிதான் பொறுக்கமுடியாமல் அடுத்த வளவுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் முறைத்துக்கொண்டே வந்து செம்பை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பை அண்ணனிடம் கொடுத்தார். வீடு திரும்பும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்தபோது அம்மா காய்ச்சலில் செத்துப்போனார். நான் அப்போது பத்து வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு அப்பாதான் சமைத்தார், என் தலையை வாரினார். ஊர் திரும்பியதும் என்னைத் திருகோணமலையில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார். என் ஊரில் அதுவரை யாரும் சாதாரண தரப் பரீட்சையைக்கூடத் தாண்டவில்லை.

அந்த இல்லத்தில்தான் வேடர் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஒருத்தி நான் சாப்பிடுவதைப் பார்த்து, குரங்கிறைச்சி தின்கிற ஆட்கள்தானே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வார்டன் அக்காவும் சிரித்தார். அன்றிலிருந்து ஊர் எது என்று யார் கேட்டாலும் தோப்பூர்ப் பக்கம் என்பேன். வேலை கிடைத்து, துறைமுகத்துக்கு எதிரே இருந்த அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். அதே நகரத்தில் லிங்கநகரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்ல எனக்கு எங்கிருந்து துணிவு வரும்?

கல்யாணத்துக்கு அப்பா இரண்டு பேரோடு மட்டும் வந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய வெள்ளைச் சேட்டு, தோள்பட்டையில் பெரிதாக நின்றது. தாரை வார்த்த நேரம் தவிர மண்டபத்தின் கடைசி வரிசையிலேயே இருந்தார். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மற்ற எல்லா வீடும் போகும். அதை விடாமல் காத்தவர் அப்பா. தன் ஒரே மகளின் கல்யாணத்துக்கு அவரே அவர்களை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் அதற்குப் பிறகு அவரோடு சரியாகக் கதைக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

எனக்கு மகள் பிறந்து இரண்டு வயதானபோது, பாலை மரம் நின்ற காட்டைச் சுற்றி வனத் திணைக்களத்தார் சீமெந்துத் தூண்கள் நட்டுக் கம்பி அடித்தார்கள். ஒதுக்கப்பட்ட காடு, உட்புகத் தடை என்று பலகை வைத்தார்கள். அப்பா போய்க் கேட்டார். அங்கேயும் இங்கேயும் அனுப்பினார்கள். கடைசியில் ஓர் அதிகாரி, நீங்கள் பூர்வீகக் குடிகள் என்றும் பரம்பரையாக அங்கே வழிபட்டவர்கள் என்றும் நிரூபித்தால் வருடத்தில் மூன்று நாள் உள்ளே போக அனுமதி எடுக்கலாம் என்று சொன்னார். ஆனால் எங்கள் ஆட்களின் பிறப்புப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் இலங்கைத் தமிழர் என்றே இருந்தது. பழைய கடுதாசிகள் சண்டையோடு போய்விட்டன. படித்த, அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்து, விசாரணைக்கும் வந்து சொன்னால் எடுபடும் என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். ஊரில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான்.

அப்பா லிங்கநகருக்கு வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து கடுதாசிகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். கூட வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"நீ இன்னாரிட பிள்ளை, உன்ர தகப்பனும் அவரிட தகப்பனும் இந்தச் சடங்கைச் செய்தவையள் எண்டு ஒரு கடிதம் எழுதித் தா மகள். வேற ஒண்டும் வேண்டாம்."

எழுதித் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கணவரின் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். இந்தக் கதை வெளியே வந்தால் அது குழம்பிவிடும் என்று பயந்தேன். அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் மறுபடி வந்தார். அப்போதும் பொறுக்கச் சொன்னேன்.

மூன்றாவது முறை அவர் வந்த நேரம், பெண் பார்க்க வந்தவர்கள் வரவேற்பறையில் இருந்தார்கள். குசினியிலிருந்து பலகாரத் தட்டோடு வந்த நான், கேற்றடியில் அப்பா நிற்பதை ஜன்னல் வழியாகக் கண்டேன். தட்டை வைத்துவிட்டு விறுவிறென்று வெளியே போனேன். அவர் காலில் செருப்பில்லை. கையில் ஒரு தேன் போத்தல்.

"உள்ள ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

"அப்ப நான் பிறகு வாறன்."

தேனைப் பேத்திக்குக் கொடு என்று என் கையில் தந்தார். நான் அவரை உள்ளே கூப்பிடவில்லை. வெயிலில் நடந்து வந்த மனிதரிடம் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் திரும்பி நடந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் ஆறுதலாகத்தான் இருந்தது.

கடிதம் எழுதாமலே, அதிகாரிகள் விசாரணைக்கு ஊருக்கு வருகிற நாள் வந்துவிட்டது. அப்பா தொலைபேசியில், நீ வந்து வாயால் சொன்னால் போதுமாம் என்றார். இந்த முறை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். லீவு போட்டேன். காலையில் கிண்ணியா வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். சொல்லிவிடத்தான் போனேன். பாலங்களைக் கடக்கும்போது என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

தோப்பூர்ச் சந்தியில் பஸ் நின்றபோது, தேநீர்க் கடையடியில் அரசாங்க வாகனம் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என் அலுவலகத்தில், என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி இருப்பவர். விசாரணைக் குழுவோடு போகிறார் என்று உடனே விளங்கிவிட்டது. நான் அவர் முன்னால் நின்று நான் யார் என்று சொல்லப் போகிறேன். நாளைக்கு அலுவலகம் முழுக்கத் தெரியும்.

முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்வாசலால் இறங்கினேன். அவர்கள் போகும்வரை ஒரு புடவைக் கடைக்குள் நின்றேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். மகளுக்குச் சட்டை பார்க்கிறேன் என்றேன். பிறகு திருகோணமலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியில் அப்பா நான்கு முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

அங்கே நடந்ததை ஊரார் பின்னால் சொன்னார்கள். அப்பா எல்லோரையும் குளித்து நல்ல உடுப்பு உடுத்து வரச் சொல்லியிருக்கிறார். அதிகாரிகள் வந்ததும் என் மகள் வருகிறாள், இப்போது வந்துவிடுவாள் என்று சொல்லி அவர்களை இருக்க வைத்திருக்கிறார். அவர்கள் மத்தியானம்வரை பார்த்திருக்கிறார்கள். பிறகு அப்பாவே பேசினார். எழுத்தில் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு அந்தப் பிளாஸ்டிக் பையைத்தான் நீட்டியிருக்கிறார். சில வாரங்களில் கடிதம் வந்தது: அவ்விடத்தில் தனியான பூர்வீகச் சமூகம் ஒன்று இருந்ததற்குச் சான்று இல்லை.

விசாரணை நடந்த அன்று பின்னேரமே அவரை அழைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல், வர ஏலாமல் போய்விட்டது என்றேன்.

"பிள்ளைக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார்.

அந்த வருடம் சடங்கு இல்லை. வேறு மரத்தடியில் செய்வோம் என்று சிலர் சொன்னார்கள், அப்பா சம்மதிக்கவில்லை. சடங்கு இல்லாததால் அவர் வீடு வீடாகப் போகவும் இல்லை. கோபித்துக்கொண்டவர்கள் அப்படியே இருந்தார்கள். ஒரு வளவு எல்லைத் தகராறு பொலிசுக்குப் போனது. எங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்று பொலிசுக்குப் போனது அதுதான் முதல்முறை. இரண்டு குடும்பங்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போய்விட்டன. நான் போன நாட்களில் அப்பா வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தார். என்னைக் கண்டால் எழுந்து தேத்தண்ணி வைப்பார். கடிதத்தைப் பற்றி, விசாரணையைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அவர் ஏசியிருந்தால் நான் அழுதாவது இருப்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். வாய் கோணி, பேச்சு முற்றாக நின்றுவிட்டது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவர் காதடியில் குனிந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை அப்பா, நான் தோப்பூர்வரை வந்து திரும்பினனான் என்றேன். அவர் கண் திறந்திருந்தது. கேட்டதா என்று தெரியாது. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டார்.

ஊருக்குக் கொண்டுபோனோம். சாவீட்டுப் பந்தலில் ஒரு பகுதியார் வலப்பக்கமும் மற்றவர்கள் இடப்பக்கமும் இருந்தார்கள். ஒரு பக்கத்தார் தேத்தண்ணி கொடுத்தால் மறுபக்கத்தார் வாங்கவில்லை. பாடையைத் தூக்கவும் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று முறுகல் வந்து, கடைசியில் என் கணவரும் அவருடைய நண்பர்களும்தான் தூக்கினார்கள். இந்த மனிதர் யாருடைய முற்றத்தில் எல்லாம் பட்டினி கிடந்தாரோ அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து லிங்கநகருக்கு வந்த பிறகு, ஒரு பின்னேரம் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி மறைத்து என்ன என்று தோன்றியது. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

"எங்களுக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "கலியாணத்துக்கு முதலே உம்மட அப்பா வந்து சொன்னவர். நாங்கள் வேடர், என்ர பிள்ளைக்கு அதைச் சொல்ல வெட்கம், ஆனா பொய் சொல்லிப் பிள்ளையைக் குடுக்க என்னால ஏலாது, விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ எண்டவர். எங்களுக்கு அதில ஒண்டும் இல்லை எண்டு சொன்னம். அப்ப உங்களுக்குத் தெரியும் எண்டதை அவளுக்குக் காட்டாதேங்கோ, அவள் நொந்துபோவாள் எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவர்."

எந்த வீட்டுக்குப் பயந்து அவரைக் கேற்றடியில் நிறுத்தினேனோ, அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று அவர் கேற்றுக்கு வெளியே நின்றது உள்ளே இருந்தவர்களுக்காக இல்லை. எனக்காக.

அடுத்த நாளே கடிதத்தை எழுதினேன். இரண்டு பக்கம். என் பெயர், பதவி, அப்பாவின் பெயர், பாட்டனின் பெயர், பாலை மரம், மூன்று நாள், எல்லாம். விசாரணை நடத்திய அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்தவர் மரியாதையாகக் கதிரை தந்து இருக்கச் சொன்னார். கடிதத்தை முழுதாக வாசித்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். ஆனால் அந்தக் கோப்பு மூடியாயிற்று, மறுபடி திறக்க வேண்டுமானால் சடங்கு நடத்துகிறவர் நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார்.

அவர் இறந்துவிட்டார் என்றேன்.

அவருக்குப் பிறகு யார் நடத்துகிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் அதைப் பென்சிலால் கடிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.